சலங்கு திரும்பிய காலை

நானும் என் நண்பரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அவருக்குக் கணக்கு, எனக்குப் பிரெஞ்சு. மேற்கே ஒரு கிராமத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்தில் சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு டவுனுக்கு வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். நான் டவுனிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன். பிள்ளைகள் எதிரில் ஒருவரையொருவர் பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். தெருவுக்கு வந்துவிட்டால் 'வாத்தியாரே'தான்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் சைகோன் பேச்சு அடிபடாத வீடு குறைவு. யாராவது ஒரு சித்தப்பாவோ மச்சானோ அங்கே பிரெஞ்சு சர்க்காரின் சுங்கத்திலோ போலீசிலோ இருப்பார். லீவில் வரும்போது பட்டுத்துணியோடு ரப்பர் தோட்டங்களைப் பற்றிய கதைகளையும் கொண்டுவருவார். உலகத்தில் மோட்டார் வண்டி ஓடும் மட்டும் ரப்பருக்குச் சாவு இல்லை என்பார்கள். கேட்கக் கேட்க எல்லோருக்கும் ஆசை வந்தது. என் நண்பருக்கு வந்தது ஆசையில்லை, ஆராய்ச்சி. எங்கள் பள்ளிக்கூடத்து வாசிப்பறைக்குப் பிரான்சிலிருந்து பத்திரிகைகள் வரும். நாங்கள் முதல் பக்கத்தில் எந்த மந்திரிசபை கவிழ்ந்தது என்று பார்ப்போம். அவர் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பார். அங்கே எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் பாரிஸ் பங்குச் சந்தையின் விலைகள் இருக்கும். அவற்றைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, பென்சிலால் கோடு இழுப்பார். அந்தக் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, நாடி பிடித்த வைத்தியர் மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

அப்படிப் பல மாதம் பார்த்துத்தான் ஒரு ரப்பர் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். அவர் வாங்கினார். அவரை நம்பி நானும் வாங்கினேன். ஓட்டுவீடு ஒன்று வாங்க நானும் என் மனைவியும் சேர்த்து வைத்திருந்த பணம் அது. அவளைக் கேட்டேன். உங்க சிநேகிதர் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள்.

பங்குப் பத்திரத்தை எங்கள் ஊரில் பிரெஞ்சு வார்த்தையிலேயே 'அக்சியோன்' என்போம். ஒவ்வொன்றும் தலையணை உறை அகலம். மேலே, பட்டையைக் கீறிக் கிண்ணம் கட்டிய ஒரு மரத்தின் படம். கீழே தபால்தலை மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றுக்குக் கூப்பொன் என்று பெயர். கம்பெனி லாபம் கொடுக்கிறபோதெல்லாம் ஒன்றை வெட்டிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கூப்பொனை என் மனைவிதான் கத்தரித்தாள். ரவிக்கை வெட்டுகிற கத்தரிக்கோலால், நாக்கைக் கடித்துக்கொண்டு, கோடு பிசகாமல் வெட்டினாள். அந்தப் பத்திரத்தில் யார் பெயரும் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். அதனால் கதவைச் சாத்திவிட்டு வெட்டினோம்.

கொஞ்ச காலம்தான் அந்தக் கத்தரிக்கோலுக்கு வேலை இருந்தது. அமெரிக்காவில் என்னவோ இடிந்து விழுந்தது என்றார்கள். அந்தப் புழுதி எங்கள் ஊர் வந்து சேர வருஷம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று. ரப்பர் விலை இறங்கியது. லாபம் நின்றது. நண்பரின் பென்சில் கோடு தாளின் அடி விளிம்பைத் தொட்டது. அவர் கீழே இன்னொரு தாளை ஒட்டினார். கோடு அதிலும் இறங்கியது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவிலேயே நின்று சொன்னார். இனி ஏறாது, ஏறினாலும் நாம் இருக்கிற காலத்தில் ஏறாது, கிடைத்ததற்குத் தள்ளிவிடுவதுதான் புத்தி என்றார். இரண்டு நாள் எனக்கும் கணக்கைப் போட்டுக் காட்டினார். தோட்டச் செலவு இவ்வளவு, விற்கிற விலை இவ்வளவு, கம்பெனி எத்தனை மாதம் தாங்கும் என்று வரிசையாகச் சொன்னார். எந்த இடத்திலும் ஓட்டை இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் அந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

ஊரில் இருந்த பாங்கு அந்தக் கம்பெனிப் பத்திரத்தைக் கையால் தொட மாட்டேன் என்றது. சைகோனில் இன்னும் ஒரு தரகர் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டோம். அதற்குத் தோதாக என் மனைவியின் தம்பிக்குச் சைகோனில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். நண்பருடைய சித்தப்பா மகனும் அங்கே ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போவதாக இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே கப்பல். நண்பர் தன் பத்திரங்களைச் சித்தப்பா மகனான அந்தத் தம்பியிடமும், நான் என்னுடையதை மச்சானிடமும் கொடுப்பதென்றும், கரை இறங்கிய அன்றைக்கே வந்த விலைக்கு விற்றுவிடுவதென்றும் முடிவு செய்தோம். என் மனைவி எங்கள் பத்திரங்களை மெழுகுத்துணியில் சுற்றி, நாலு பக்கமும் தைத்து, தன் தம்பியின் சட்டைக்குள் மார்போடு கட்டிவிட்டாள்.

கப்பல் வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐப்பசி பிறந்திருந்தது. வானம் வெளுக்கவே இல்லை. கப்பல் கரைக்கு வராது, தூரத்தில்தான் நிற்கும். கடல்பாலத்தின் முனையில் ஏணி வழியாக இறங்கி, சலங்கு என்கிற பெரிய துடுப்புப் படகில் ஏறிப் போக வேண்டும். கயிறு போட்டுத் தைத்த பலகைகள் என்பதால் அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். பாலத்தின் நுழைவில் சுங்கக்காரர்கள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பரின் தம்பி பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு முன்னே போய்விட்டார். மச்சானின் பெட்டியில் என் மனைவி ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் வைத்திருந்தாள். வாய்க்குத் துணி கட்டி, மேலே மெழுகு பூசியிருந்தாள். சுங்கக்காரருக்கு அந்த மெழுகின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே என்ன என்று கேட்டார். ஊறுகாய் என்றோம். திறக்கச் சொன்னார். துணியை அவிழ்த்து, குச்சி விட்டு அடிவரை கிளறிப் பார்த்து, ஊறுகாய்தான் என்று திருப்திப்பட்ட பிறகு மூடச் சொன்னார். அவிழ்த்ததைத் திரும்பக் கட்ட நேரம் பிடித்தது. நாங்கள் பாலத்தின் முனைக்கு ஓடியபோது முதல் சலங்கு கிளம்பிவிட்டது.

அது போவதைப் பார்த்தோம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சிரமப்பட்டாலும் கப்பலைத் தொட்டுவிட்டது. நண்பர் என் பக்கத்தில் நின்று கைக்குட்டையை வீசினார். இரண்டாவது சலங்கில் மச்சானும் இன்னும் சில பேரும் ஏறினார்கள். அதற்குள் காற்று திசை மாறிவிட்டது.

பாதி தூரம் போயிருப்பார்கள். நான் கடலோரத்தில் பிறந்தவன், புயல் பார்த்தவன். ஆனாலும் அந்த அலை மாதிரி ஒன்றை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அது சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. கடலில் ஒரு பகுதி மெல்ல எழுந்து நின்றது, அவ்வளவுதான். சலங்கு அதன் சரிவில் ஏறுவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. என் மனைவி என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்தது. மறுபடி கண்ணில் பட்டபோது சலங்கின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. நிறையத் தண்ணீரோடு, துடுப்புகள் சிலதை இழந்து, கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இனிப் படகு விடக்கூடாதென்று பாலத்தில் கொடி ஏற்றிவிட்டார்கள். கப்பல் கொஞ்ச நேரம் காத்திருந்தது. மூன்று தடவை ஊதியது. போய்விட்டது.

மச்சான் ஏணியில் ஏறி வந்தபோது தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். அழுதானா, கடல்தண்ணீரா என்று சொல்ல முடியாது. அடுத்த கப்பல்வரை கம்பெனி காத்திருக்காது, சைகோன் வேலை போய்விட்டது என்பது அவனுக்குத் தெரியும். சட்டைக்குள் கைவிட்டு மெழுகுத்துணிப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"மாமா, நனையல," என்றான்.

கரை இறங்கிய அன்றே நண்பரின் தம்பி அவருடைய பத்திரங்களை விற்றுவிட்டதாகத் தந்தி கொடுத்தார். கிடைத்தது சொற்பம். ஆனால் அந்த வாரமே அந்தத் தரகரும் கடையைக் கட்டிவிட்டார். இனி அடுத்த கப்பலுக்கு அனுப்பினாலும் வாங்க ஆள் இல்லை. ஊருக்கு விஷயம் தெரிந்தபோது எல்லோரும் நண்பரின் கெட்டிக்காரத்தனத்தைப் பேசினார்கள். கடைசிக் கதவு சாத்துமுன் வெளியே வந்துவிட்டாரே, அதுதான் கணக்குத் தெரிந்தவன் மூளை என்றார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒருவர் என் தோளைத் தட்டி, எல்லாம் ஆண்டவன் சித்தம் என்றார். வீட்டில் யாரோ இறந்துபோன மாதிரி இருந்தது.

நண்பருக்கு அது சங்கடமாக இருந்தது. பாராட்டினவர்களிடம், நாங்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் விற்கக் கொடுத்தோம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மனைவிக்குப் பணம் போனதில் வருத்தம் இருந்தாலும் அதைக் காட்டியதில்லை. அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே அந்தப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, புள்ள உசுரோட வந்தானே, அது போதும் என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. மச்சானுக்குப் பஞ்சாலை ஆபீசில் ஒரு சின்ன வேலை கிடைத்தது. கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் கையை நிறுத்துவான்.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய் வந்தபோது நண்பர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பிரெஞ்சுப் பத்திரிகை. அவர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாமல் டவுனில் இருக்கிற வழக்கமே இல்லை. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"வாத்தியாரே, அந்தப் பத்திரம் இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். எடுக்கச் சொன்னார். என் மனைவி அலமாரியைக் காலிசெய்து பொட்டலத்தை எடுத்தாள். தையலைப் பிரித்தோம். மரமும் கிண்ணமும் அப்படியே இருந்தன. மிச்சக் கூப்பொன்கள் வெட்டாமல் வரிசையாக இருந்தன. அவர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். ரப்பர் விளைகிற நாடுகள் எல்லாம் கூடிப் பேசி, விளைச்சலைக் குறைக்க ஒப்புக்கொண்டுவிட்டன என்று விளக்கினார். அந்தப் பேச்சு எழுந்த நாள் முதலே விலை ஏறிக்கொண்டிருக்கிறது, நிச்சயமாகட்டும் என்றுதான் இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை என்றார். நான் அந்த எண்ணைப் பார்த்தேன். அதை என் பத்திரங்களின் எண்ணிக்கையோடு மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடி பெருக்கினேன். அதே எண்தான் வந்தது.

விற்ற பிறகும் அவர் இரண்டு வருஷமாக அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனக்கு ஒரு சல்லி வராத கோடு. முதலில் வந்து எனக்குச் சொன்னவரும் அவர்தான். அவர் முகத்தில் பொறாமையைத் தேடினேன் என்பதை மறைக்க மாட்டேன். அங்கே இருந்தது வேறு. சின்னப் பிள்ளைகள் முதல்முறை யானையைக் கிட்டத்தில் பார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

சில மாதங்களில் விற்றேன். இன்னும் ஏறும் என்றார்கள். என் மனைவி போதும் என்றாள், கேட்டுக்கொண்டேன். முன்பு பத்திரத்தைத் தொட மறுத்த அதே பாங்கில் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்கள். குருசுக்குப்பத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஓட்டுவீடு ஒன்று வாங்கினோம். அதற்கு மேலும் மிச்சம் இருந்தது. விற்று வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் அதைத் தொடவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. வாங்க, கொஞ்சம் கடற்கரைக்குப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குள் ஊர் பேச்சை மாற்றிவிட்டிருந்தது. இப்போது நான்தான் கெட்டிக்காரன். அவசரப்பட்டு விற்காமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவன், கணக்கு வாத்தியாரைவிடக் கணக்குத் தெரிந்த பிரெஞ்சு வாத்தியார் என்றார்கள். என்ன வாங்கலாம் என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தது. நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஊறுகாய் ஜாடியைச் சொன்னேன், அலையைச் சொன்னேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொல்ல இஷ்டமில்லன்னா பரவாயில்ல முசே, தொழில் ரகசியம்தானே என்று எழுந்து போனார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல் மரியாதை கூடியது. அது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அன்று கடற்கரையில் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நான் போட்ட கணக்கு சரியான கணக்கு வாத்தியாரே. நீங்களும் அதைத்தான் நம்புனீங்க. ரெண்டு பேரும் ஒரே காலையில, ஒரே கப்பலுக்கு, ஒரே புத்தியோடதான் வந்தோம். நான் எத்தனையோ தாள்ல கோடு இழுத்துட்டேன். அந்த அலையை எந்தத் தாள்ல போடறதுன்னு எனக்குத் தெரியல."

அப்புறம், உங்க பணத்த வாங்கினா நான் தோத்துட்டதா ஆயிடும், நான் தோக்கல என்றார். அவர் சொன்னது சரி. அவர் தோற்கவில்லை. நான் ஜெயிக்கவும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் தாண்டி ஏதோ ஒன்று நடந்து போயிருந்தது, நாங்கள் அதன் கால்தடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு ஒரு ஆசை வந்தது. அன்று அந்தச் சலங்கைத் திருப்பினவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். விசாரித்ததில் வைத்திக்குப்பத்து ஆள் என்று தெரிந்தது. வேட்டி ஒன்றும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போனேன். மணலில் படகுகளுக்கு நடுவே பெண்கள் மீன் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் அந்தக் காலையைப் பற்றிச் சொன்னேன். ஐப்பசி, சைகோன் கப்பல், பாதி வழியில் எழுந்த அலை, உடைந்த துடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

"ஐப்பசியில அப்படி எத்தினியோ நாளு திரும்பியிருக்குங்க. நீங்க எதைச் சொல்றீங்கன்னு தெரியலியே," என்றார்.

அன்றைக்கு ஏன் திரும்பினீர்கள், இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் கப்பலைத் தொட்டிருக்கலாமா என்று கேட்டேன். நாங்க எங்கங்க திருப்புறோம், தண்ணிதான் திருப்புது என்றார். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை என்று தோன்றியது. வேட்டியை எதற்கென்று தெரியாமலே வாங்கிக்கொண்டு, நல்ல துணி என்று தடவிப் பார்த்தார்.

நான் திரும்பி நடந்தேன். என் வீடு, என் மனைவி நட்டுவைத்த முருங்கை, நாங்கள் பயமில்லாமல் தூங்குகிற தூக்கம் எல்லாம் வந்த இடம் அந்தக் கடல். அதைத் துடுப்பால் தொட்டவருக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. கோயிலில் முழங்கால் போட்டபோதுகூட எனக்கு வராத ஒரு நடுக்கம் அந்த மணலில் வந்தது. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாத நடுக்கம். வெற்றிலை பாக்கைக் கொடுக்க மறந்து, கையில் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் அக்சியோன் எதுவும் வாங்கவில்லை. புத்தி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரியதை ஒரு தரம் கிட்டத்தில் பார்த்தாயிற்று, மறுபடி போய் அதன் வாலைப் பிடிக்கத் துணிவில்லை. நண்பர் விடவில்லை. மறுபடி கட்டத் தாள் வாங்கினார், கொஞ்சம் வாங்கினார், விற்றார். சிலது ஏறியது, சிலது இறங்கியது. ஏறினபோதும் அவர் தன்னை மெச்சிக்கொண்டு நான் பார்த்ததில்லை. தோள் மேல் யாரோ நின்று பார்க்கிற மாதிரி ஒரு பணிவு அவர் பென்சில் பிடிக்கிற விதத்திலேயே வந்துவிட்டது.

மச்சானுக்குக் கல்யாணம் ஆயிற்று. பஞ்சாலை ஆபீசில் கூட வேலை பார்த்தவருடைய தங்கை. கருவடிக்குப்பத்துப் பக்கம் குடிபோனார்கள். சைகோனுக்குப் போயிருந்தால் அவளை அவன் பார்த்தே இருக்கமாட்டான். அவர்களுக்கு முதல் குழந்தை பெண். ஞானஸ்நானம் முடிந்து வீட்டில் விருந்து நடந்தபோது குழந்தையை என் மடியில் கொடுத்தார்கள். எடை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. விரலை நீட்டினேன், பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுங்கக்காரருக்கு மெழுகின் மேல் வந்த சந்தேகம், காற்றின் திசை, வளைந்து கொடுத்த பலகைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எதில் ஒன்று பிசகியிருந்தாலும் இந்த விரல்கள் உலகத்தில் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் என்ன நினைக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போலும். மகளின் உள்ளங்காலைத் தடவினான்.

"இருந்தாலும் சைகோனை ஒரு தரம் பாத்திருக்கலாம் மாமா," என்றான்.

குழந்தையை அவனிடம் கொடுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்து போனோம்.